குதிரை பிடிப்பவனுக்குக் கட்டை இல்லை

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் இளம் கிளாக்கர்கள் இருவர் சென்ற மாதம் பதுளைக்கு வந்து, என் மேசைமேல் ஓர் அட்டைப் பெட்டியை வைத்தார்கள். ஐரோப்பாவில் நடந்து முடிந்த பெரிய யுத்தத்தை மேசைமேல் ஆடுவதற்காக அவர்களே வெட்டிச் செய்த விளையாட்டு. படம் கீறிய அட்டை, சிவப்பும் நீலமுமாகச் சிறு துண்டுகள், இரண்டு பகடை. விதிகளைப் பற்றி அவர்களுக்குள் தகராறு.

"இது சண்டை மாதிரியே இல்லீங்க ஐயா. ஆறு விழுந்தா ஒரு பட்டாளமே செத்துப்போகுது" என்றார் ஒருவர்.

"நெசச் சண்டை வேணும்னா நீ பிரான்சுக்குப் போயிருக்கணும். நான் சாயந்தரத்துக்குள்ள ஆடி முடிக்கணும்" என்றார் மற்றவர்.

ஊசிக்கல் தோட்டத்தில் நான் இந்த வேலையைப் பல வருடம் செய்தவன் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நிஜம் எவ்வளவு இருக்கலாம், ஆட்டம் எவ்வளவு இருக்கலாம், ஓர் அளவு சொல்லுங்கள் என்று கேட்டார்கள். துண்டுகளை எண்ணிப் பார்த்தேன். சிவப்பில் ஒன்று குறைந்தது. அவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. கேட்ட அளவு என்னிடம் கிடையாது. எனக்கு நடந்ததை எழுதித் தருகிறேன். அதனால் அவர்களுக்குப் பயன் உண்டாகும் என்று நான் நம்பவில்லை.

பதுளை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, காப்பி அழிந்து தேயிலை தலையெடுத்த காலத்தில், மடுல்சீமை மலையில் இருந்த ஊசிக்கல் தோட்டத்துக்கு, ஆட்களின் வேலைநாள் பதியும் செக்ரோல் எழுதப் போனேன். பத்து வருடத்தில் பெரிய கிளாக்கர் ஆனேன். அந்தப் பத்து வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்களை எண்ணினேன், அரிசி மூட்டையை எண்ணினேன், தப்பாக எண்ணியவர்களைத் திட்டினேன். எண்ணுகிறவன் என்று பெயர் வந்தது. அந்தப் பெயர்தான் என்னைப் பழைய காப்பிக் கிடங்குக்கு இழுத்துக்கொண்டு போயிற்று.

தோட்டத்தை நடத்திய எங்கள் பெரிய துரை இளமையில் பட்டாளத்தில் இருந்தவர். ஏதோ ஓர் எல்லைச் சண்டையில் இடுப்பில் குண்டு பட்டு, வலது காலை இழுத்து நடப்பார். சத்தம் போடமாட்டார். என்னோடு தமிழில்தான் பேசுவார். ஆட்களிடம் கற்ற தமிழ் என்பதால் வினைச்சொல் பெரும்பாலும் கட்டளையாகவே வரும். நலம் விசாரிப்பதுகூட "கிளாக்கர், சௌக்கியமா இரு" என்றுதான்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கையின் மகனைச் சீமையிலிருந்து வரவழைத்துத் தமக்கு உதவியாகச் சின்னத்துரை வேலையில் வைத்திருந்தார். இருபத்திரண்டு வயது. குதிரையும் துப்பாக்கியுமே உலகம் என்று இருந்த பையன். அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் சின்னத்துரைமார் கூடினால் சண்டைக்குப் போவதைப் பற்றி, மரை வேட்டைக்குப் போவதைப்போலப் பேசுவார்கள். பெரிய துரை கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார். ஒருநாள் என்னைக் கிடங்குக்குக் கூட்டிப் போனார்.

"கிளாக்கர், இவனுக்குச் சண்டை தெரியாது. வாயால சொன்னா பயந்தவன் பேச்சுன்னு சிரிப்பான். மேசையில காட்டு. நான் விதி சொல்லு, நீ கணக்குப் போடு."

அப்படித்தான் ஆரம்பித்தது. காப்பி உலர்த்திய பலகைகளைச் சேர்த்து ஒரு பெரிய மேசை. அதன்மேல் களிமண்ணும் மரத்தூளும் குழைத்து மலைகள், ஓடைகள், ஒரு பாலம். பத்துப் பேருக்கு ஒரு மரக்கட்டை. சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம். பகடை வாங்கப் பதுளைக் கடைவீதிக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். கடைக்காரர் காசிம் நானா எலும்புப் பகடைகளைத் தாளில் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இதென்ன கிளாக்கர் ஐயா? ஆளுங்க லயத்து வீட்டுல தாயம் ஆடினா நீங்கதான் தண்டம் போடுறது. இப்ப நீங்களே வாங்குறீங்க?"

"துரைக்கு, நானா."

"அப்பச் சரி. தொரமாரு ஆடினா சூது இல்ல."

ஆடும் முறையைச் சொல்கிறேன். இரண்டு கட்சிக்காரரும் மேசைப்பக்கம் வரக்கூடாது. கிடங்கின் இரு கோடியில் தட்டி மறைவில் ஆளுக்கொரு படத்தோடு உட்கார்ந்து, கட்டளையைச் சீட்டில் எழுதி அனுப்புவார்கள். நான் பித்தளைக் கவராயத்தால் தூரத்தை அளப்பேன். பிறகு பெரிய துரை கேட்டுக்கொண்டே வருவார்: ஏற்றமா, இறக்கமா? ஈர நிலமா? ஆட்கள் எவ்வளவு நடந்து வந்தார்கள்? தோட்டா எத்தனை மிச்சம்? புகை எந்தப் பக்கம் போகிறது? ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டலோ கழித்தலோ உண்டு. மொத்தம் பதினான்கு விதி. எல்லாம் கூட்டி வந்த எண்ணுக்குப் பகடை உருட்டினால், எத்தனை பேர் விழுந்தார்கள் என்று தெரியும். பத்துப் பேர் கணக்குச் சேர்ந்ததும் துரை கட்டையைத் தூக்குவார். அதைக் கைக்குட்டையால் துடைத்துத்தான் பெட்டியில் போடுவார். செத்தான் என்ற வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதில்லை.

காயம் பட்டவனைத் தூக்க இரண்டு பேர் போகவேண்டும் என்று அவற்றில் ஒரு விதி. குதிரைத் துருப்பு இறங்கிச் சுடவேண்டுமானால், நாலு பேருக்கு ஒருவன் பின்னால் நின்று நாலு குதிரையையும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இன்னொன்று. அந்தக் குதிரை பிடிப்பவர்களுக்குத் தனியாகச் சின்னக் கட்டைகள் இருந்தன. அவர்களுக்குக் கையில் துப்பாக்கி இல்லை. மறைய இடமும் இல்லை.

சண்டையின் இரண்டு நிமிஷம் ஒரு சுற்று. அந்த இரண்டு நிமிஷத்தைக் கணக்குப் போட்டு முடிக்க எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். முதல் வாரம் எட்டுத் துரைமார் வந்தார்கள். அடுத்த வாரம் மூன்று பேர். அதற்கடுத்த வாரம் வந்தவர் தட்டிக்குப் பின்னால் குறட்டை விட்டார். சின்னத்துரை குதிரையை எடுத்துக்கொண்டு பசறைக்குப் போய்விட்டார்.

அந்த மழைக்காலம் முழுவதும் நானும் பெரிய துரையும் விதிகளை வெட்டினோம். யாரும் ஆட வராத மேசையில் நிஜம் இருந்து என்ன பயன் என்றார். வெட்டுவதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். என் உத்தியோகத்தில் நான் கேட்ட வார்த்தைகளில் மிகச் சரியானதும் மிகக் கொடியதும் அதுதான்.

"இந்த விதிய எடுத்தா ஜெயிக்கிற ஆள் மாறுமா, பார். மாறினா வை. ஜெயிக்கிற ஆள் மாறாம, நோகிற ஆள் மட்டும் மாறினா, எடு."

அந்த உரைகல்லில் பதினான்கில் பதினொன்று போயிற்று. தூரம், மறைவு, எண்ணிக்கை, இவ்வளவுதான் மிச்சம். களைப்பு போனது. காயம் பட்டவனைத் தூக்குபவர் போனார்கள். குதிரை பிடிப்பவர்கள் போனார்கள். சின்னக் கட்டைகளைச் சாக்கில் கட்டி மேலே பரணில் வைத்தேன்.

ஆட்டம் ஒரு மணி நேரத்தில் முடிய ஆரம்பித்தது. பிறகு என்ன கூட்டம்! மடுல்சீமையின் மறுபக்கத்திலிருந்தெல்லாம் துரைமார் வந்தார்கள். குதிரைத் துருப்பு பாலத்தைத் தாண்டிப் பாய்ந்து, இறங்கிச் சுட்டு, ஏறி மறைந்துவிடும். பிடிக்க ஆள் இல்லாமலே குதிரைகள் காத்து நின்றன. சின்னத்துரை ஓயாமல் ஜெயித்தார். ஒவ்வொரு ஜெயத்துக்கும் அவர் முகம் சிவந்து பளபளக்கும். பெரிய துரை அதைப் பார்த்துக்கொண்டே கட்டைகளைத் துடைப்பார். பயம் காட்டச் செய்த மேசை, ஆசை காட்டிக்கொண்டிருந்தது. அது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. ஆனால் நிறுத்தினால் மறுபடி பசறைக்குப் போய்விடுவார். இங்கே இருந்தால் என்றாவது ஒருநாள் கற்றுக்கொள்வார் என்று பெரிய துரை நினைத்தார்.

தென்னாபிரிக்கச் சண்டைக்கு இந்தத் தீவிலிருந்தும் ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. சின்னத்துரை பெயர் கொடுத்துவிட்டார். தன் குதிரையோடு போகிறவர் குதிரைக்காரனையும் கூட்டிப் போகலாம் என்றார்கள். அவருடைய குதிரைக்காரன் சடையன். வீரமலைக் கங்காணியின் ஒரே மகன்.

வீரமலைக் கங்காணி நூற்றுக்கு மேல் ஆள் வைத்திருந்தவர். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவர் குரல் கேட்டால் லயத்து நாய்கூட எழுந்து நிற்கும். அப்படிப்பட்டவர் ஆபீஸ் வாசலில் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் சடையன், பித்தளைப் பொத்தான் வைத்த புதுக் கோட்டோடு.

"ஐயா, இவன்கிட்ட நீங்க சொல்லுங்க. எம் பேச்சுக் காதுல ஏறல."

"அப்பா, நான் குதிரையப் பிடிக்கத்தானே போறேன்" என்றான் சடையன். "எவன் மெனக்கெட்டுக் குதிரைக்காரனச் சுடுவான்? அவன் தோட்டாவுக்குக் கேடா?"

"பொத்தானப் பாத்து மயங்கிட்டான் ஐயா. சட்டைக்குப் பொறந்த பய."

"நீ மட்டும் தலப்பாவப் பாத்துத்தானே கங்காணி ஆன?"

கங்காணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு என்னிடம் திரும்பினார். "ஐயா, கெடங்குல நீங்க ஆடுற சண்டையில இவனுக்கு ஒரு கட்ட இருக்குங்களா?"

"முன்னே இருந்தது, கங்காணி. எடுத்துட்டோம்."

"ஏங்க எடுத்தீங்க?"

"ஆட்டம் இழுத்தது."

அவர் கொஞ்ச நேரம் தலைப்பாகைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். "அந்தக் கட்டய வச்சு ஒருக்கா ஆடிப் பாக்கச் சொல்லுங்க ஐயா. சின்னத்தொர போகாட்டி இவனும் போகமாட்டான்."

நான் போய்ச் சொன்னேன். பெரிய துரையும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். அன்று மாலை மாமனும் மருமகனும் பேசி ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். பதினான்கு விதியோடும் ஒரே ஓர் ஆட்டம். சின்னத்துரையின் துருப்பு அழிந்தால் அவர் பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்வார். அழியாவிட்டால் போவார். திங்கட்கிழமை விடியற்காலை பண்டாரவளை ஸ்டேஷனுக்கு வண்டி. ஆட்டம் சனிக்கிழமை காலை ஆரம்பம், ஞாயிறு இருட்டுவதற்குள் முடிவு. சின்னத்துரை சிரித்துக்கொண்டே கைகொடுத்தார். எதிர்க்கட்சிக்குப் பசறையிலிருந்து ஒரு துரை வந்தார்.

பரணிலிருந்து சாக்கை இறக்கினேன். சின்னக் கட்டைகள் எல்லாம் இருந்தன. ஒன்றைக் கறையான் அரித்திருந்தது.

சனிக்கிழமை நல்லபடியாகவே போயிற்று. சின்னத்துரை வழக்கம்போலப் பாலத்தைத் தாண்டினார். மேட்டின்மேல் எதிரி இருந்தான். இடையில் ஈரமான சரிவு. அங்கேதான் தகராறு எழுந்தது. ஈரச்சரிவில் குதிரையின் வேகம் பாதி என்று எங்கள் விதி. பாதி இல்லை, முக்கால் என்று சின்னத்துரை சாதித்தார். பசறைத் துரை கால்தான் என்றார். நடுவர் பெரிய துரை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்வது அவருக்குப் பழக்கமில்லை.

"நாளைக்குப் பார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் கிடங்குக்குப் பின்னால் இருந்த தேயிலைச் சரிவுக்குப் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து மேல் வாய்க்கால் வரை குதிரையை ஏற்றவேண்டும். பெரிய துரை கையில் கடிகாரம். ஏற்றியவன் சடையன். முதல் தடவை குதிரை வழுக்கியது, கணக்கில் சேராது என்றார். இரண்டாவது தடவை குதிரை மூச்சு வாங்கியதால் ஓய்வு கொடுத்து மறுபடி. மூன்றாவது தடவை வேறு பாதை. சடையனுக்கு ஒரே உற்சாகம். சேறு முழங்காலுக்குமேல் அப்பியிருக்க, மேலே நின்று கத்தினான்: "தொர, இன்னொருக்கா ஏத்தவா? இப்பத்தான் குதிரைக்கு வழி புடிபட்டிருக்கு!"

இன்னொரு தடவையும் ஏற்றினான். பாதிக்குக் கொஞ்சம் குறைவு என்று முடிவாயிற்று. அதை விதியில் எழுதிக்கொண்டு உள்ளே வந்தபோது பகல் சாப்பாட்டு மணி அடித்தது. பசறைத் துரை சலித்துப்போய், சாப்பிட்டதும் தன் தோட்டத்துக்குப் புறப்பட்டுவிட்டார். அவருடைய சீட்டுகளையும் பெரிய துரையே எழுதவேண்டியதாயிற்று. ஒரு கட்சிக்காக எழுதும்போது மறுகட்சியின் படத்தைப் பார்க்கக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் அதைக் கவிழ்த்து வைத்தார். அதற்கும் நேரம் போயிற்று.

ஆனாலும் விதிகள் தங்கள் வேலையைச் செய்தன. துருப்பு சரிவின் நடுவில் மாட்டிக்கொண்டது. இறங்கிச் சுட்டார்கள். நாலில் ஒருவர் குதிரைகளோடு பின்னால் நின்றார்கள், வெட்டவெளியில். பகடை உருட்டினேன். முதலில் போனது சின்னக் கட்டை.

கங்காணி வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. பெரிய துரை அந்தக் கட்டையைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு மெல்ல என்னைக் கேட்டார்: "அது குதிரைக்காரன்ங்களா?"

"ஆமாம்."

"அப்பச் சின்னத்தொர தோக்குறாருங்களா?"

"இன்னும் ரெண்டு சுற்றில் தோற்றுவிடுவார்."

அவர் முகத்தில் நிம்மதி வந்தது. "மாரியாத்தா" என்றார். படியில் உட்கார்ந்துவிட்டார்.

குதிரை பிடிப்பவர் இல்லாததால் குதிரைகள் சிதறின. திரும்பிப்போக வழியில்லை. தோட்டா ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. இரண்டே சுற்று. வெளியே மந்தாரம் போட்டுக் கிடங்குக்குள் இருட்டியது.

"விளக்குக் கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். விளக்குல நிழல் விழும். அளவு தப்பும்."

"அளவு எதற்கு? முடிவுதான் தெரிகிறதே."

"தெரியிறது வேற, ஆடுறது வேற. ஆடாத சுத்துக்கு நான் ஆளை எடுக்கமாட்டேன், கிளாக்கர்."

சின்னத்துரை தட்டிக்குப் பின்னால் நாற்காலியில் தூங்கிப்போயிருந்தார். எழுப்பினோம். மேசையைச் சுற்றி வந்து தன் கட்டைகளைப் பார்த்தார். என்ன நடந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது. பிறகு மேட்டைப் பார்த்து, மிச்சமிருந்த கட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அழியவில்லையே மாமா."

"இல்லை" என்றார் பெரிய துரை. அவ்வளவுதான். ஒப்பந்தம் ஒப்பந்தம்.

விடியற்காலை வண்டி புறப்பட்டது. சடையன் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டே நடந்தான். கங்காணி அன்றைக்கும் பெரட்டுக் களத்தில் நின்று ஆள் பிரித்தார்.

சடையனைப் பற்றிய செய்தி வர வெகுநாள் ஆகவில்லை. பெரிய துரை என்னிடம் சொன்னார். கங்காணியிடம் சொல்லும் வேலை எனக்கு. ஆபீசுக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எந்த மேட்டுலங்க?" என்றார்.

"மேட்டில் இல்லை, கங்காணி. காய்ச்சல். கப்பல் இறங்கிய இடத்திலேயே, கூடாரத்தில்."

"சண்டைக்கே போகலீங்களா?"

"போகவில்லை."

"குண்டு படலீங்களா?"

"இல்லை."

அவர் கோபமே இல்லாமல், ஒரு கணக்கைச் சரிபார்ப்பவர்போலக் கேட்டார்: "அப்ப நீங்க ரெண்டு நாளா அளந்து அளந்து பாத்தீங்களே, அது என்னங்க?"

புகை எந்தப் பக்கம் போகும் என்று ஒரு விதி வைத்திருந்தோம். காய்ச்சலுக்கு ஒரு விதி இருக்கவில்லை. பெரிய துரை சண்டையை நேரில் கண்டவர், இடுப்பில் குண்டைச் சுமந்தவர். அவருக்கும் அது தோன்றவில்லை. குண்டு பட்டவருக்குக் குண்டுதான் நினைவிருந்தது.

சின்னத்துரை அடுத்த வருடம் திரும்பி வந்தார். அவருக்கும் அதே காய்ச்சல். தலைமயிர் உதிர்ந்து, கன்னம் ஒட்டியிருந்தது. வந்த வாரமே கிடங்குக்கு வந்து, மேசையைச் சுற்றி நடந்துவிட்டுச் சொன்னார்: "கிளாக்கர், காச்சல் விதி ஒண்ணு எழுது. ஒவ்வொரு கட்டைக்கும் பகடை போடு. ஒண்ணு, ரெண்டு விழுந்தா எடு. சண்டைக்கு முன்னால."

எழுதினேன். பெரிய துரை படித்துப் பார்த்து, சரி என்று கையால் காட்டினார். துரைமார் வந்தார்கள். ஒரு கட்டை நகர்வதற்குள், ஒரு குண்டு வெடிப்பதற்குள், மேசையில் மூன்றில் ஒரு பங்கு பெட்டிக்குள் போயிற்று. பெரிய துரை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே இருந்தார். பசறைத் துரை கொட்டாவி விட்டார். இன்னொருவர், இது ஆட்டமா, ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் நாலு பேர் குறைந்தார்கள். அதற்கடுத்த வாரம் சின்னத்துரையே கையிலிருந்த பகடையை மேசைமேல் வைத்துவிட்டார்.

"காச்சல் வேணாம், கிளாக்கர். அது இருந்தா விளையாட முடியல."

நான் பெரிய துரையைப் பார்த்தேன். அவர் தம்முடைய உரைகல்லை எடுத்து வைத்துப் பார்த்திருக்க வேண்டும். காய்ச்சல் இரண்டு கட்சிக்கும் ஒரே மாதிரிதான் வருகிறது. ஜெயிக்கிற ஆள் மாறவில்லை.

"எடு" என்றார்.

அந்த விதியின்மேல் கோடு போட்டேன். அன்றைய ஆட்டம் தேநீர் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. நல்ல ஆட்டம் என்று துரைமார் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, மழையில் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களைக் கூப்பிட்டார்கள்.